54 வயதுக் கணவருக்கு டிமென்ஷியா: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு 54 வயது. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா (மூளையின் முன், பக்கப் பகுதிகளைப் பாதித்து நடத்தையை மாற்றும் நோய்) என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். 65 வயதுக்கு முன்பே தொடங்கும் டிமென்ஷியாவில் இதுவும் ஒரு முக்கிய வகை. நினைவாற்றல் இன்னும் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. மாறியது அவருடைய சுபாவம்தான். யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர், இப்போது முன்பின் தெரியாதவர்களிடம்கூட மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறார். தேவையில்லாததை ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிறார். நான் அழுதாலும் ஏன் என்று கேட்பதில்லை. மூளையின் முன்பகுதி பாதிப்பு என்று தெரியும், ஆனாலும் வலிக்கிறது.

அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் இதற்கு உதவாது, சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, அன்றாடத்தைச் சமாளிப்பதுதான் வழி.

கார் சாவியைச் சண்டை இல்லாமல் எப்படி வாங்கினீர்கள்? தனக்கு ஒன்றுமில்லை என்றே நம்புகிறார். வாதம் செய்தால் கோபம்தான் வருகிறது. வங்கிக் கணக்கு, சொத்து விஷயங்களை அவரால் புரிந்து கையெழுத்துப் போட முடியும்போதே முடிக்க நினைக்கிறேன். எதை முதலில் செய்தீர்கள்? அப்புறம், பள்ளியில் படிக்கும் மகளுக்கு இதை எப்படிச் சொல்வது? அவள் அப்பா தன்னை வெறுக்கிறார் என்று நினைக்கிறாள். இதற்காவது யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.