நீங்கள் வரைந்த பாத்திரம் கையை விட்டுப் போன பிறகு என்ன ஆனது? (அனுபவப் பகிர்வு)

கரிக்கோல்:
இட்லிப்பொடிப் பாக்கெட் பாட்டி. இன்னும் தொண்டையில் நிற்கிறது, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. பாக்கெட்டில் போட மாஸ்காட் (கம்பெனியின் அடையாளப் பாத்திரம்) வேண்டும், பாட்டியாக இருந்தால் நல்லது என்றார் முதலாளி. எல்லாப் பாக்கெட்டிலும் சிரிக்கிற அதே பாட்டியைப் போட மனம் வரவில்லை. யாரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றேன். காலமான தன் அம்மாவின் போட்டோக்களை வாட்ஸப்பில் அனுப்பினார். குட்டையான உருவம், லேசாக ஏறிய தோள், வலது மூக்கில் எட்டுக்கல் பேசரி. உள்ளே கறுப்பை நிரப்பி வெறும் நிழலாகப் பார்த்தாலும் அந்த அம்மாதான் என்று தெரிய வேண்டும், அதுவரைக்கும் குட்டி ஸ்கெட்ச்களாகப் போட்டுத் தள்ளினேன். பாத்திரத்தை எல்லாக் கோணத்திலும் காட்டும் டர்ன்அரவுண்ட், முகபாவ ஷீட் எல்லாம் கொடுத்தாயிற்று. பணமும் ஒழுங்காக வந்தது.

அப்புறம் ஒரு நாள் மளிகைக் கடையில் பாக்கெட்டைப் பார்க்கிறேன். பாட்டி எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார். லேபிள் டிசைன் செய்தவர், பொடியின் பெயரைப் பார்த்தபடி நிற்கட்டும் என்று ஃப்ளிப் தட்டியிருக்கிறார். மாராப்பு வலது தோளுக்குப் போய்விட்டது, கரண்டி இடது கைக்கு, பேசரி இடது மூக்குக்கு. முதலாளிக்குப் போன் போட்டேன். "அப்படியா? நான் கவனிக்கலையே தம்பி. நல்லாத்தானே இருக்கு" என்றார்.

டிசைனர் கவனிக்காததை விடுங்கள். இவருக்குப் பெற்ற அம்மா. பாக்கெட் தினமும் இவர் கையில்தான் புழங்குகிறது.

அரைவட்டம்:
உங்களுக்கு ஃப்ளிப்போடு போயிற்று. எனக்கு நிறம்.

தூத்துக்குடி உப்பளக் குடும்பத்துச் சிறுமி பற்றிய படக்கதை. பின்னால் வெள்ளைவெளேர் என்று உப்பு மேடு, முன்னால் வெயிலில் கறுத்த முகம். அந்த கான்ட்ராஸ்ட்தான் புத்தகமே. கறுப்பு செத்துப்போகாமல், கன்னத்தில் உப்பின் வெளிச்சம் கீழிருந்து அடிக்கிற மாதிரி வர வேண்டும் என்று பேலட்டோடு நாள் கணக்கில் மல்லுக்கட்டினேன். அச்சாகி வந்தது. உள்ளே நான் போட்ட நிறம். அட்டையில் மட்டும் பெண் சிவப்பாகிவிட்டாள்! கேட்டதற்கு, திரைக்கான ஆர்ஜிபி நிறக் கோப்பை அச்சுக்கான சிஎம்ஒய்கே ஆக்கும்போது அப்படி ஆகிவிட்டது என்றார்கள். சிஎம்ஒய்கேயில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் மங்கும், தெரியும். பாவாடை அப்படியே இருக்க, முகம் மட்டும் எப்படி வெளுக்கும்?

அதுகூடப் பழகிப்போன கதை. நூலகத்தில் கதை வாசிக்கப் போயிருந்தேன். முன்வரிசையில் ஒரு வாண்டு, அட்டையையும் முதல் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அட்டையில இருக்கிறது இவளோட டீச்சரா?"

அக்காவா என்றுகூடக் கேட்கவில்லை. டீச்சராம்.

நாலாம்வரி:
@கரிக்கோல், உங்கள் வருத்தம் எனக்குப் பிடிபடவில்லை. மாஸ்காட் என்றால் இரண்டு பக்கமும் திரும்பத்தான் செய்யும். நான் ஒரு டியூஷன் சென்டருக்குப் போட்ட யானைக்கு ஃப்ளெக்ஸ் கடையில் கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டார்கள். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திருப்பக் கூடாத பாத்திரம் என்றால் ஷீட்டிலேயே எழுதுங்கள். இடம் பார்ப்பது, வலம் பார்ப்பது இரண்டையும் தனியாக வரைந்து, அதற்கும் சேர்த்துக் காசு கேளுங்கள். @அரைவட்டம், லேயர் பிரித்த கோப்பைக் கொடுத்திருப்பீர்கள், அதனால்தான் முகத்தை மட்டும் தொட முடிந்தது. லேயர்களை ஒன்றாக ஒட்டவைத்த கோப்பைத்தான் தர வேண்டும். வேலை தொடங்கும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் போடாவிட்டால் 5 ஆண்டு, இடம் போடாவிட்டால் இந்தியா மட்டும். இது 19ஆம் பிரிவு. உரிமை கைமாறிய பிறகும் படைப்பைச் சிதைத்து நம் பெயருக்குக் கெடுதல் செய்தால் 57ஆம் பிரிவு இருக்கிறது. டெல்லியில் அரசின் விஞ்ஞான் பவன் அரங்கில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்தார்கள். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, மிச்சமிருந்த துண்டுகளையும் அவரிடமே திருப்பித் தரச் சொன்னது. எல்லோரும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

கரிக்கோல்:
ஐயா, சேகல் வழக்குப் போட்டது 1992-இல். தீர்ப்பு வர 13 வருடம். இட்லிப்பொடிக்காக நான் கோர்ட்டு ஏறணுமா? பாக்கெட் அவருடையது, திருப்பட்டும், தலைகீழாக வேண்டுமானாலும் நிறுத்தட்டும். உரிமை பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று மகனுக்குத் தெரியவில்லையே, அதைத்தான் சொன்னேன்.

நிழலுரு:
மாஸ்காட் இரண்டு பக்கமும் திரும்பும் என்பதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். தோளில் பிணம், கையில் உருவிய வாள். பல வருடம் பார்த்த கண்ணுக்கு முன்னால் அதைத் திருப்பிப் போட்டால், என்னவோ கோளாறு என்று வேதாளமே சொல்லிவிடும்.

சரி, என் கதை. ஒருவர் கேம் செய்கிறார். ஆட்டோ ஓட்டும் பெண்தான் நாயகி. ஏஐயில் எடுத்த படத்தை அனுப்பி, "கேரக்டர் ரெடி. விரல் மட்டும் சரி பண்ணிக் குடுங்க, பத்து நிமிஷ வேலை" என்றார். ஒரு கையில் ஆறு விரல். ஒரு காதில் ஜிமிக்கி, இன்னொன்றில் வளையம். காக்கிச் சட்டை, அதற்குமேல் பட்டுப் புடவையின் பார்டர் மாதிரி ஏதோ ஓடுகிறது.

நான் எந்தப் பாத்திரத்தையும் சட்டைப் பையிலிருந்துதான் தொடங்குவேன். சில்லறையா, மாத்திரை அட்டையா, பிள்ளையின் ஃபீஸ் ரசீதா? அது தெரிந்தால்தான் தோள் எப்படித் தொங்கும், கை எதைத் தடவிக்கொண்டே இருக்கும் என்பதெல்லாம் வரும். அதனால் கேட்டேன்: "சார், இவங்க பையில என்ன இருக்கும்?"

"டைப்பிங்" என்று காட்டிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம். ஏதோ பெரிதாக எழுதுகிறார் என்று நானும் டீ போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அதையும் ஜெனரேட் பண்ணி அனுப்பவா?"

நாலாம்வரி:
@நிழலுரு, அந்த மாதிரி வேலைக்கு விரல் கணக்கில் ரேட் போட வேண்டும். முன்பணம் 50 சதவீதம் வாங்காமல் கேள்வியே கேட்கக் கூடாது. திருத்தம் எத்தனை முறை என்பதையும் முதலிலேயே

நிழலுரு:
வேலையை எடுக்கவே இல்லை, அண்ணே.

புதுத்தூரிகை:
வணக்கம், இப்போதுதான் கல்லூரி முடித்தேன். டர்ன்அரவுண்ட், முகபாவ ஷீட் இரண்டும் சேர்த்து ஒரு பாத்திரத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?

அரைவட்டம்:
தனித் திரி போடுங்கள் தம்பி. இங்கே கேட்டால் பிரிவு எண்ணோடு பதில் வரும்.