பதினாறு வயதுக்காரி கதை சொன்னால் இளையோர் நாவல் ஆகிவிடுமா?

கடலோரக் கிறுக்கன்:
இளையோருக்காக, அதாவது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக, நான் எழுதும் நாவலின் முதல் அத்தியாயத்தைப் போன கிழமை இங்கே போட்டிருந்தேன். திருகோணமலையில், உவர்மலையில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை ரியூசன் முடிந்து பஸ் நிலையத்தில் நிற்கிறாள். மான் ஒன்று வந்து அவளுடைய பையை இழுக்கிறது. பைக்குள் அவள் யாருக்கும் காட்டாத கடிதம். "இது இளையோர் நாவலே இல்லை" என்று நூலகத்து மூலை ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். கதை சொல்பவளுக்கு வயது 16. வேறு என்னதான் வேண்டும்?

நூலகத்து மூலை:
வயது மட்டும் போதாது. உங்கள் அத்தியாயத்தில் "அப்போது எனக்குத் தெரியாது" என்ற வரி நான்கு இடத்தில் வருகிறது. அப்படியென்றால் எப்போது தெரிந்தது அவளுக்கு? இருபது வருடம் கழித்து, கொழும்பில் பிள்ளை குட்டியோடு இருக்கும்போதா? அந்தப் பெண்மணிதான் கதை சொல்கிறார். பதினாறு வயதுக்காரி பஸ் நிலையத்தில் சும்மா நிற்கிறாள்.

இந்த வகை நாவலில் சொல்பவள் அந்த வயதுக்குள்ளேயே நிற்க வேண்டும். கடிதம் மானின் வாய்க்குள் போனால் அவளுக்கு உலகம் முடிந்தது. பின்னால் எல்லாம் சரியாகும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சிரிக்கக் கூடாது.

பழைய பேப்பர்காரன்:
இளையோர் நாவல் என்று தனியாக ஒரு பெட்டியே தேவையில்லை என்பது என் கட்சி. நாங்கள் பதினான்கு வயதில், அம்மா இரவல் வாங்கி வந்த நாவலைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்து வாசித்தவர்கள். "இது உன் வயதுக்கு" என்று யாரும் எடுத்துத் தரவில்லை. அமெரிக்காக்காரன் தன் அலுமாரிக்கு ஒட்டிய பெயரை நாம் ஏன் இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டும்?

நூலகத்து மூலை:
பெயர் ஒட்டியது அவர்கள்தான், மறுக்கவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 1957இலேயே இளையோர் சேவைக்குத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. ஆனால் அந்த அலுமாரிக்கு உயிர் கொடுத்தது 1967இல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்' போன்ற புத்தகங்கள். எஸ். ஈ. ஹின்டன் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. தன்னைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி வாசிக்க ஒன்றும் கிடைக்காததால் தானே எழுதினார். (பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்குவார்களோ என்று பதிப்பாளர் முதலெழுத்துகளை மட்டும் போட்டது வேறு கதை.)

அப்புறம் அந்தத் தலையணை. நீங்கள் வாசித்தீர்கள், சரி. உங்கள் வகுப்பில் மற்ற நாற்பது பேர்?

பழைய பேப்பர்காரன்:
மற்றவர்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கடலோரக் கிறுக்கன்:
சரி, அந்த நான்கு வரியையும் வெட்டுகிறேன். ஒரேயடியாக நிகழ்காலத்துக்கு மாற்றிவிடவா? 'ஹங்கர் கேம்ஸ்' நாவல் (2008) அப்படித்தானே எழுதப்பட்டது.

நூலகத்து மூலை:
ஐயோ, வேண்டாம். ஆங்கிலத்தில் அது ஓடும். தமிழில் "நான் நடக்கிறேன், மான் வருகிறது, பையை இழுக்கிறது" என்று இருநூறு பக்கம் எழுதினால் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி இருக்கும். இறந்தகாலமே இருக்கட்டும். ஆனால் அன்றிரவே, விளக்கை அணைத்த பிறகு தோழிக்குச் சொல்கிற இறந்தகாலம்.

பழைய பேப்பர்காரன்:
தோழிக்குச் சொல்கிறவள் "நான் மிகுந்த துயருற்றேன்" என்பாளா? பெட்டி வேண்டாம் என்றவன்தான், ஆனாலும் சொல்கிறேன். மூதூரில் இருந்து வரும் பிள்ளையும் உவர்மலைப் பிள்ளையும் ரியூசனில் ஒரே வாங்கில் இருந்தாலும் பேச்சு ஒன்றல்ல. உங்கள் அத்தியாயத்தில் இரண்டு பேரும் செய்தி வாசிக்கிறார்கள்.

ஏஎல் தலைவலி:
எனக்கு 17. நீங்கள் எல்லோரும் எங்களைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள் என்பதால் உள்ளே வந்தேன்.

மான் பையை இழுத்தால் முதலில் கடிதம் நினைவுக்கு வராது. யார் பார்க்கிறார்கள், யார் ஃபோனில் வீடியோ எடுக்கிறார்கள் என்று சுற்றிவரத்தான் பார்ப்போம். பிறகுதான் பை. அடுத்தது, இப்போது யார் அங்கிள் கடிதம் எழுதுகிறார்கள்? அவளுடைய அம்மா ஒவ்வொரு இரவும் ஃபோனை வாங்கி மெசேஜ் எல்லாம் பார்ப்பா, அதனால்தான் தாளில் எழுதினாள் என்று வைத்தால் நம்புவேன். எங்கள் வகுப்பில் அப்படி ஒருத்தி கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுப்பாள். அதை மான் தின்றால் கணக்குக் கொப்பியும் சேர்ந்து போய்விடும். அதற்குத்தான் உண்மையில் அழுவாள்.

நூலகத்து மூலை:
கணக்குக் கொப்பி! கிறுக்கன், இதை விட்டுவிடாதீர்கள்.

கடலோரக் கிறுக்கன்:
தங்கச்சி, அந்த அம்மாவையும் கொப்பியையும் நான் கதைக்குள் எடுத்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமை திருத்திப் போடுகிறேன்.

ஏஎல் தலைவலி:
எடுங்கோ. ஆனால் "எங்கள் வகுப்பில் ஒருத்தி" என்று போடாதீர்கள். என் அம்மாவும் இங்கே வாசிக்கிறா.