மூன்றாம் பாரில் ஃபிளாட்டா, இல்லையா?

பழங்கட்டை: நேற்று மாடிப்படி மானிலோவைப் பற்றிக் கேட்ட இழையில் இரைச்சல்பெட்டி அவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பாடகர் பாரி மானிலோவின் 'குட் இட் பி மேஜிக்' பாட்டு, சோப்பினின் சி மைனர் பிரெலூடை, அதாவது அந்தச் சின்ன பியானோ உருப்படியைத் திருடியதாம். அதோடு நிற்கவில்லை. "அதன் மூன்றாம் பாரின் (தாளக்கட்டின்) கடைசி ஸ்வரம் ஈ நேச்சுரல் என்று தெரியாதவர்கள் இதில் வாய் திறக்க வேண்டாம்" என்று ஒரு வரி வேறு. சரி, திறக்கிறேன். அது ஈ ஃபிளாட், நேச்சுரலுக்கு அரை ஸ்வரம் கீழே.

இரைச்சல்பெட்டி: நேச்சுரல். சோப்பின் கைப்பட எழுதிய பிரதியில் அந்த இடத்தில் ஃபிளாட் குறியே இல்லை. 1839-இல் அச்சானதிலும் இல்லை.

பழங்கட்டை: எழுத மறந்திருக்கிறார். அவருடைய மாணவி ஜேன் ஸ்டர்லிங்கின் பிரதியில் பென்சிலால் ஃபிளாட் போட்டிருக்கிறது. பாடம் நடத்தும்போது திருத்தியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும், சோப்பின் நேரில் வர வேண்டுமா?

மாடிப்படி: நான் கேட்டது மானிலோவைப் பற்றி. இசைத்தட்டே அந்த பிரெலூடை வாசித்துத்தான் தொடங்குகிறது. பூட்டை உடைப்பவன் வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவானா? ரஷ்ய இசையமைப்பாளர் ராஹ்மானினாஃப்கூட 1903-இல் இதே பிரெலூடை வைத்து 22 வேரியேஷன் (மாற்று வடிவங்கள்) எழுதினார். அவரும் திருடரா?

இரைச்சல்பெட்டி: ராஹ்மானினாஃபையும் மானிலோவையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, வாழ்க. போன மாதம் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவை "தூங்க வைக்கும் பாட்டு" என்றவர்தானே நீங்கள்?

மாடிப்படி: அதை இன்னும் விடவில்லையா நீங்கள்!

ரெக்கார்டுபெட்டி: 1975-இல் அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போன பாட்டு ஐயா. அடுத்த வருடம் பாடகி டோனா சம்மர் அதை டிஸ்கோ ஆக்கினார். 1992-இல் டேக் தட் குழு பாடியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றாம் பாரை எண்ணினார்கள்?

பழங்கட்டை: எண்ணாததால்தான் இந்த நிலைமை. மறுபடியும் சொல்கிறேன், ஃபிளாட். பியானோ கட்டையில் கை வையுங்கள். எஃப் மைனரிலிருந்து இறங்கி வந்து அந்த இடத்தில் சி மைனர் விழும்போது நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கும். நேச்சுரல் வாசித்தால் சாவு வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தது போல வெளிச்சம் வந்துவிடும்.

இரைச்சல்பெட்டி: அந்த வெளிச்சம்தான் வேண்டும் என்கிறேன்! அடுத்த பாரே ஜி மேஜரில் முடிகிறதே, அதை என்ன செய்வீர்கள்?

வீணைமாமி: நம் கணக்கில் சொன்னால் சி-யை ஸட்ஜமாக வைத்து, சாதாரண காந்தாரமா அந்தர காந்தாரமா என்பதுதானே சண்டை? இதற்கா இவ்வளவு?

பழங்கட்டை: மாமி, காந்தாரம் மாறினால் நீங்கள் கச்சேரியில் எழுந்து போக மாட்டீர்களா? எனக்குப் பன்னிரண்டு வயதில் அந்த ஸ்வரத்துக்காக விரல் முட்டியில் ஸ்கேலால் அடி விழுந்திருக்கிறது. நேச்சுரல் வாசித்ததற்கு.

இரைச்சல்பெட்டி: ஆக, ஆதாரம் உங்கள் டீச்சரின் ஸ்கேல்.

பழங்கட்டை: ஆதாரம் ஸ்டர்லிங் பிரதி. மேலே எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

எழுத்துப்பிழை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அவர் பெயர் 'சோப்பின்' இல்லை, 'ஷோப்பான்'.

ரெக்கார்டுபெட்டி: வந்துவிட்டார்.

மாடிப்படி: பிரெலூடில் 13 பார்தான். அதில் 9-இலிருந்து 12 வரை முன்னால் வந்த நாலு பாரே மறுபடி வருகிறது. அதைச் சேர்க்கச் சொன்னது வேறொருவர். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும், அதனால் இந்தச் சின்ன விட்டுக்கொடுத்தல் என்று சோப்பினே கைப்பிரதியில் குறித்து வைத்திருக்கிறார். அவரே விட்டுக்கொடுத்திருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும்...

பழங்கட்டை: அது ஒன்பதாம் பார். நாம் பேசுவது மூன்றாம் பார்.

இரைச்சல்பெட்டி: நேச்சுரல்.

எழுத்துப்பிழை: ஷோப்பான்.