ஆல் சீசன் டயருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

(வழக்கம்போல் இந்தக் கலைச்சொல் குழுவில் ஊர்ப்பெயரே ஆள்பெயர்.)

தண்டையார்பேட்டை, செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்பில் மெக்கானிக் பையன்களுக்குக் கொடுக்கிற டயர் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். மூன்றாம் பாடம், வேகத்துக்கென்றே செய்த சொகுசு செடான் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது பற்றியது. நம் பையன்கள் மீன்வண்டியையும் கண்டெய்னர் லாரியையும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் 245/40 ஆர்18 97ஒய் என்று எழுதிய டயரைப் பார்த்து விழிக்கக் கூடாது இல்லையா? அதை விளக்கிவிட்டேன். அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 விழுக்காடு, ஆர் என்றால் ரேடியல் (உள்ளே இழைகள் குறுக்காக ஓடும் அமைப்பு), 18 அங்குல ரிம். 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும், ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகலாம்.

எண்ணில் தகராறு இல்லை, சொல்லில்தான். போன வருடம் கரும்பலகையில் ‘அனைத்துப் பருவ டயர்’ என்று எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், பருவம்னா பருவமழைதானே? அப்போ இது மழைக்குன்னே செஞ்ச டயரா?” என்றான். பாதி வகுப்பு தலையாட்டியது. அன்றைக்கு அரைமணி நேரம் போயிற்று. இந்த வருடம் அந்த அரைமணி நேரத்தைச் சொல்லே மிச்சப்படுத்தித் தர வேண்டும்.

பெரம்பூர், செவ்வாய் இரவு

வாத்தியாரே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் கையேடு மொழிபெயர்க்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. இத்தனை வருடமும் ‘அனைத்துப் பருவ டயர்’ என்றுதான் போட்டிருக்கிறேன், யாரும் திருப்பி அனுப்பவில்லை. பையன் கேட்டது பாடத்தில் தீர வேண்டிய சந்தேகம். சொல் மேல் ஏன் பழி?

திருவொற்றியூர், புதன் காலை

பையன் பக்கம் நான் பேசுகிறேன். முப்பது வருடம் ரப்பர் கலவையோடு கிடந்தவன் என்ற உரிமையில்.

ஆங்கிலத்தில் அந்த சீசன் என்பது மழையே இல்லை. குளிரும் கோடையும்தான். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிவிடும், ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும்; ஆனால் வெயிலில் குழைந்து சீக்கிரம் தேயும். வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்ற முடியாதவர்களுக்காக நடுவில் ஒன்று செய்தார்கள். அதுதான் இது. பக்கச்சுவரில் எம் பிளஸ் எஸ் என்று இருக்கும், சேறும் பனியும் என்று பொருள். அது கம்பெனி தானே போட்டுக்கொள்கிற குறி. மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்திருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறியது.

நம் ஊரில் மார்கழி விடியலில்கூட 7 டிகிரியைக் கனவில்தான் பார்க்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும்போது அந்த செடானுக்கு நல்லது பட்டன் (ரோட்டைத் தொடும் மேல்புறப் புடைப்பு) ஆழமாக உள்ள நல்ல கோடை டயர்தான். சூட்டில் பிரேக் பிடிக்கும் தூரம் அதில்தான் குறையும், ஈரத்திலும் அப்படித்தான். ஆகவே பையன் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. ‘பருவம்’ என்றதும் தமிழ்க்காதில் மழை விழுகிறது. அந்த மொழிபெயர்ப்பை நம்பி ஒருவன் நான்கு டயர் வாங்கினால் காசும் போச்சு, பிடிமானமும் போச்சு.

இராயபுரம், புதன் காலை

அன்பர்களே, பருவத்துக்குப் போகும் முன் டயருக்கு வருவோம். டகரம் மொழிமுதல் ஆகாது. பருவம் என்பதோடு டயரைச் சேர்த்தால் மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து ‘பருவட்டயர்’ என்றல்லவா ஆக வேண்டும்? யாராவது அப்படி எழுதுகிறோமா? விதி செல்லாத இடத்தில் சொல் அந்நியமாக நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம்மிடம் சொல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் உறுப்பு உறுப்பாக வருகிறது. உருளி, ஆரம், அதைச் சுற்றிச் சூட்டு. எண்ணூர்ப் பக்கம் உப்பளம் பார்த்து வளர்ந்த நமக்கு இதைவிடச் சொந்தமான சொல் எது? சூட்டு என்பது சூடு என்பதன் வழி வந்தது. கொல்லர் இரும்புப் பட்டாவை வரட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். சின்ன வயதில் மூலகொத்தளத்தில் அந்த ஆவியில் நின்று முகம் வெந்திருக்கிறேன். என் முன்மொழிவு: சூட்டு.

பெரம்பூர், புதன் மதியம்

ஐயா, மன்னிக்க வேண்டும். சங்க காலத்துச் சூட்டு மரவிளிம்பு. அதைக் காய்ச்சினால் கரிதான் மிஞ்சும். அது சூடுதல், சூட்டுதல் என்பதிலிருந்து வந்தது. மாலை சூட்டுவது போலச் சக்கரத்துக்குச் சூட்டியது. சேவலின் கொண்டையும் சூட்டுதான். ஆங்கில டயரும் அதே வழிதான்: ‘அட்டயர்’, உடுப்பு என்பதிலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

இராயபுரம், புதன் மதியம்

அம்மா, என்னைத் திருத்தி என் கட்சியையே பலப்படுத்திவிட்டீர்கள். வெள்ளைக்காரன் சக்கரத்துக்கு உடுத்தினான், நாம் சூட்டினோம். இனிமேலும் தயங்குவதா?

வியாசர்பாடி, புதன் இரவு

அண்ணே, கடையில இப்பதான் ஷட்டர் இறக்கினேன். ஒருத்தர் வந்து “சூட்டு மாத்தணும்”னு சொன்னா, பையன் ஓடிப்போய் ரேடியேட்டரைத்தான் திறந்து பாப்பான். டயர் டயராவே இருக்கட்டும். டயருக்கு மேல இருக்கறது பட்டன், பட்டன் போனா மொட்டை, இதுக்கெல்லாம் நம்ம கடையிலயே சொல்லு இருக்கு. அந்த மாதிரி பனி டயர், வெயில் டயர், கலப்பு டயர்னு போடுங்க. புரியும்.

திருவொற்றியூர், புதன் இரவு

வெயில் டயர், பனி டயர் இரண்டும் அருமை. ‘கலப்பு’தான் இடிக்கிறது. ரப்பர் ஆளிடம் கலப்பு என்றால் எல்லா டயரும் கலப்புதான்; இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரிப்பொடி, சிலிக்கா. தொழில்நுட்பப்படி நேர்மையான பெயர் வேண்டுமென்றால் ‘இரண்டுங்கெட்டான் டயர்’. சும்மா சொல்லவில்லை. வேகமாக ஓடுகிற செடானில் அது அப்படித்தான் நடந்துகொள்ளும். வளைவில் ஸ்டியரிங் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பட்டன் முழுக்க மெல்லிய கீற்று வெட்டியிருப்பார்கள், பனியைக் கவ்வ. காய்ந்த ரோட்டில் அந்தக் கீற்றுகள்தான் நெளிகின்றன. வேக எழுத்தும் பெரும்பாலும் எச் அல்லது வி தான் வரும், 210, 240. ஒய் கேட்கிற வண்டிக்கு எச் மாட்டினால் தப்பு.

தண்டையார்பேட்டை, புதன் இரவு

இந்த வேக எழுத்து விஷயம் பாடத்தில் இல்லை. சேர்த்துக்கொள்கிறேன், நன்றி. இரண்டுங்கெட்டானை மட்டும் சேர்க்க முடியாது, வகுப்பை அப்புறம் அடக்க முடியாது.

இருப்பது இரண்டு காலம் என்றால் ‘இருகால டயர்’ சரியா?

வியாசர்பாடி, புதன் இரவு

ரெண்டு காலுக்கு டயரா? ஸ்கேட்டிங்கா சார்?

பெரம்பூர், வியாழன் காலை

‘பல்பருவ டயர்’ என்றால்? மழை வாடை கொஞ்சம் குறையும்.

இராயபுரம், வியாழன் காலை

‘பற்பருவ’ என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: லகரம் றகரமாவது பலவோடு பலவே சேரும்போது, பற்பல என்பது போல. வேறு சொல் வந்தால் அகரம் நிற்கலாம், போகலாம் என்றுதான் நன்னூல். பல்பருவமும் சரி, பலபருவமும் சரி.

ஆனால் ‘பல’ என்று ஏன் மழுப்ப வேண்டும்? நமக்குப் பெரும்பொழுது ஆறு. முல்லைக்குக் கார் ஒன்று. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். பாலைக்கு இருவேனிலும் பின்பனியும். ஆறும் சேர்ந்து வருவது மருதத்துக்கும் நெய்தலுக்கும்தான். காசிமேடு எந்தத் திணை? நெய்தல். ஆறு பொழுதும் தாங்குகிற டயர் ‘நெய்தல் டயர்’. டயர் என்றே சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? இது என் சமரசம்.

இந்த இடத்தில் நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாடு மாலையா காலையா என்ற பழைய வழக்கையும்

தண்டையார்பேட்டை, வியாழன் காலை

ஐயா, எற்பாட்டைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம். நாளை வெள்ளி.

திருவொற்றியூர், வியாழன் மதியம்

நெய்தல் டயர் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு மணலில் இறங்குவான், சிக்குவான். ஐயாவின் பட்டியலிலேயே என் வாதத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. நம் ஊர்ப் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, அது கூதிர். அடுத்த நான்கு மாதம் பெயரிலேயே பனி. ஆனால் அந்தப் பனி, காலையில் வண்டிக் கண்ணாடியில் துடைக்கிற பனி. டயர் பேசுகிற பனி, ரோட்டில் வெள்ளையாகக் குவிகிற பனி. வியாசர்பாடித் தம்பி சொன்ன ‘பனி டயர்’கூட அதனால் முழுசாகப் பொருந்தாது. நானே நேற்று அருமை என்றேன், இன்று வாபஸ். 1946இல் எங்கள் ஊரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் பிறகு டயர் செய்து நாடு முழுக்க அனுப்பியது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு நாளாகத் தட்டுத்தடுமாறுகிறோம். என் ஓட்டு ‘குளிர்கோடை டயர்’. எதற்கென்று பெயரே சொல்லிவிடும்.

பெரம்பூர், வியாழன் மாலை

குளிர்கோடை என்றதும் எனக்குக் கோடைக்கானல் நினைவுக்கு வருகிறது. உம்மைத்தொகையாகப் படித்தால் குளிரும் கோடையும், பண்புத்தொகையாகப் படித்தால் குளிர்ந்த கோடை. இரண்டாவதைத்தான் முதலில் படிப்பார்கள். வாடிக்கையாளர் குளிர்ச்சியான டயர் என்று நினைத்து வாங்குவார்.

நான் பழையதற்கே ஓட்டு. ‘அனைத்துப் பருவ டயர்’. கீழே ஒரு வரி: இங்கே பருவம் என்பது மழையைக் குறிப்பதில்லை.

வியாசர்பாடி, வியாழன் இரவு

சரி, எனக்கும் அதுவே. எப்படிப் போட்டாலும் பசங்க ஆல் சீசன்னுதான் சொல்லப்போறாங்க. இன்னைக்கே ஒரு பெரிய கார் வந்துச்சு. பின்னாடி 255, முன்னாடி 225. நாலையும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு ஓனர் சொல்றாரு. முன்னாடி பின்னாடி ஒரே சைஸ் இல்ல, சுத்தி மாத்த முடியாதுன்னு புரிய வைக்கவே டீ ஆறிப்போச்சு. அதைப் பாடத்துல போடுங்க சார், சொல்லை விட அது முக்கியம்.

தண்டையார்பேட்டை, வெள்ளி விடியல்

போட்டாயிற்று. ‘அனைத்துப் பருவ டயர்’, அடைப்புக்குறிக்குள் தமிழ் எழுத்தில் ‘ஆல் சீசன்’, அதற்குக் கீழே பெரம்பூர் அம்மாவின் வரி. திருவொற்றியூர் ஐயாவின் 7 டிகிரிக் கணக்குக்குக் கட்டம் கட்டிவிட்டேன். கடைக்குக் கிளம்புகிறேன்.

திருவொற்றியூர், வெள்ளி காலை

கீழே ஒரு வரி போட்டு விளக்க வேண்டிய சொல்லுக்குக் கலைச்சொல் என்று பெயரா? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டத்துக்கு நன்றி.

இராயபுரம், வெள்ளி காலை
புதிய பொருள்: ஸ்டெப்னி

அன்பர்களே, அடுத்த பாடத்தில் ஸ்டெப்னி வரும் என்று ஊகிக்கிறேன். அது வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவில் உபரிச் சக்கரம் செய்தார்கள், அதனால் ஒட்டிக்கொண்டது. எங்கோ இருக்கும் தெருவை நாம் ஏன் டிக்கியில் சுமக்க வேண்டும்? புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் கட்டிவைத்திருக்கும் மாற்று அச்சைச் ‘சேம அச்சு’ என்கிறார். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று முன்கூட்டியே கட்டிக்கொண்டது. அதன் வழியே ‘சேமச்சக்கரம்’. இதற்காவது எதிர்ப்பு இருக்காது என நம்புகிறேன்.

வியாசர்பாடி, வெள்ளி மதியம்

ஐயா, சொல்லு சூப்பர். ஆனா வாத்தியார் சொல்ற மாதிரி வண்டிங்க பாதியில ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஆனாலும் காத்தில்லாம கொஞ்ச தூரம் ஓடுற டயர் போட்டு அனுப்பிடறான்.