பிளாக் செய்வதற்கு முன்னால் படித்தாக வேண்டுமே

வெண்ணாற்றங்கரை:
நேற்று வேறொரு இழையில் பழையதஞ்சை அண்ணன் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார்: "ஷினிகாமி ஐஸ் என்று பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. திருநங்கைகளுக்குப் பிடிக்காதவர் பெயரையெல்லாம் சிவப்பாக்கும் கறுப்புப் பட்டியல் அது. பிடிக்காவிட்டால் பிளாக் செய்துவிட்டுப் போகலாமே." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் மன்னார்குடிப் பக்கத்துத் திருநங்கை. அதை என் கணினியில் ரெண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். திருநரை இழிவாகப் பேசும் கணக்குகளின் பெயர் சிவப்பாகவும், ஆதரவாக இருப்பவர்கள் பெயர் பச்சையாகவும் தெரியும். அவ்வளவுதான், யாரையும் அது தடுக்காது.

பிளாக் செய்யச் சொல்கிறீர்களே அண்ணே, அதற்கு முன்னால் படித்தாக வேண்டுமே! முகநூலில் ஒரு குறுவை நாற்றங்கால் படத்துக்குக் கீழே விதை பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். மூன்றாவது பதிலிலேயே ஒருவன் எங்களை இழிவாகச் சொல்லும் அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டான். டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது, நான் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் சிவப்பாக இருந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

பழையதஞ்சை:
சிவப்பு என்று யார் முடிவு செய்தது? அதற்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் கணினியில் என் முகநூல் பெயரே சிவப்பாக இருந்தது. நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. 2021இல் நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையமே இதைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. சும்மாவா சொல்வார்கள்?

குடமுருட்டி:
இதில் வலது கிளிக் செய்து யாரையும் நாமே குறிக்கலாம், நம் திரையில் உடனே நிறம் மாறும். உங்கள் "தெரிந்தவரே" உங்களைக் குறித்திருப்பார், அவரைக் கேளுங்கள். இன்னொன்று, பட்டியல் பெயர் பெயராக இருக்காது. ப்ளூம் ஃபில்டர் என்று ஒரு முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இருப்பவரை அது விடாது. இல்லாதவரை எப்போதாவது இருப்பதாகக் காட்டலாம்.

பழையதஞ்சை:
ஆக, தவறாகக் காட்டலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். என் பெயருக்கு ஏன் சிவப்பு என்றுதான் நானும் கேட்கிறேன்.

சொல்லேருழவன்:
இருவருமே எக்ஸ்டென்ஷன், எக்ஸ்டென்ஷன் என்கிறீர்கள். நீட்சி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே. மூன்றாம் பாலினம் என்பதையும் ஒருவரும் எழுதவில்லை.

வெண்ணாற்றங்கரை:
சரி ஐயா, நீட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு எண் போடாதீர்கள். ஒன்று, இரண்டு, அப்புறம் நான் மூன்றா? உயர் நீதிமன்றம் சொல்லி, 2022இல் தமிழக அரசே சொற்பட்டியல் வெளியிட்டது. அதில் திருநர் என்றுதான் இருக்கிறது.

பழையதஞ்சை அண்ணே, மறுபடியும் உங்கள் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தவறாக வந்த ஒரு சிவப்பால் உங்களுக்கு என்ன போயிற்று? நான் உங்களிடம் பேசாமல் போவேன். வசவுக்காரன் யாரென்று எனக்குத் தெரியாமல் போனால் நான் வசவைப் படிக்கிறேன்.

மாயவரத்தான்:
போலீசில் கொடுக்கலாமே அக்கா? 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை இருக்கிறதே. இந்த நீட்சி முகநூல் செயலிக்குள் ஓடவும் ஓடாது. ஊரில் பாதிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
ஓடாதுதான் தம்பி, அதனால்தான் கணினியில் பார்க்கிறேன். தமிழ்க் கணக்குகளில் பலவற்றுக்கு நிறமே வராது, நானே ஒவ்வொன்றாகக் குறிக்கிறேன். போலீசுக்கும் போனேன். பன்னிரண்டு ஸ்கிரீன்ஷாட் அச்செடுத்துக் கொண்டுபோனேன். எழுத்து சின்னதாக இருக்கிறது, நீயே வாசி என்றார்கள். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, பன்னிரண்டையும் என் வாயாலேயே வாசித்தேன். இப்போது சொல்லுங்கள், படிக்காமல் தப்பிக்க ஒரு வழி வேண்டுமா வேண்டாமா?

பழையதஞ்சை:
அது வருத்தம்தான், மறுக்கவில்லை. அதற்காக ஊரையே குற்றம் சொல்லாதீர்கள். திருநங்கையான நர்த்தகி நடராஜ் கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் கற்றது எங்கள் தஞ்சையில்தான். 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். அப்படி மதிக்கிற ஊர் இது.

வெண்ணாற்றங்கரை:
அவரை மேடையில் பார்த்துக் கை தட்டுகிறவர்தான் வீட்டுக்கு வந்து எனக்குக் கீழே அந்த எண்ணை எழுதுகிறார். பத்மஸ்ரீ வாங்கினால்தான் மரியாதையா?

குடமுருட்டி:
சரியான கேள்வி.

பழையதஞ்சை:
கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஒரு மனிதனுக்குத் தெரியாமல் அவன் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது நியாயமா?

வெண்ணாற்றங்கரை:
பட்டியல் நியாயத்தை நீங்கள் பேசாதீர்கள் அண்ணே. 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் தெருவில் ஒரு தென்னை மிச்சமில்லை. தார்ப்பாய் கொடுக்க நீங்கள் வீடு வீடாக எழுதினீர்கள். நாங்கள் மூன்று பேர் இருந்த வீட்டைத் தாண்டிப் போனீர்கள். கேட்டதற்கு, "குடும்பங்களுக்கு மட்டும்" என்றீர்கள். எட்டு நாள் சேலையை விரித்துக் கட்டி அதன் கீழே படுத்தோம்.

பழையதஞ்சை:
அந்தப் பட்டியல் நான் எழுதியதில்லை. இங்கே பேச்சு நீட்சியைப் பற்றி. என் பெயருக்கு ஏன் சிவப்பு?

வெண்ணாற்றங்கரை:
கடைசிப் பக்கத்தில் கையெழுத்து உங்களுடையது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.