பெரியப்பாவுக்கு 67 வயதில் எச்.ஐ.வி.: மாத்திரைகளை ஒன்றாகக் கொடுக்கலாமா?

கேள்வி (சுன்னாகம்): பெரியப்பா மெலிந்து, விலாவில் அக்கியும் வந்தது. வயசு போச்சு என்று விட்டுவிட்டோம். போன மாதம்தான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அதற்கு டொலுடெக்ராவிர் என்ற மருந்து கலந்த மாத்திரை தொடங்கியாச்சு. சலரோகத்துக்கு மெட்ஃபோமின், நெஞ்செரிவுக்குப் பாணி மருந்தும் உண்டு. பெரியம்மா அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக வைத்துவிட்டா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் 1: தங்கச்சி, அந்தப் பாணியில் மெக்னீசியமோ அலுமினியமோ இருந்தால் கவனம். டொலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் பின்னரோ கொடுங்கோ. டொலுடெக்ராவிரால் மெட்ஃபோமினும் இரத்தத்தில் கூடும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம். நீங்களாக மாற்றாதீங்கோ, மருந்துப் பையை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ.

பதில் 2: கோப்பையால் பரவாது. பெரியம்மாவும் சோதிக்க வேணும். மாதவிடாய் நின்ற பிறகு ஆணுறை எதற்கு என்று பலர் நினைக்கினம். அந்த வயதில் பிறப்புறுப்பு வறட்சியால் தொற்று இன்னும் இலகு. மருந்தால் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் பரவாது. அதுவரை ஆணுறை. அரச கிளினிக்கில் எல்லாம் இலவசம்.

கேட்டவர்: சரி அண்ணை. பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கோப்பை மட்டும் பழைய தட்டுக்கு வந்துவிட்டது.