அம்மா ரணகள்ளி இலை தின்னலாமா?

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு 68 வயது. ஸ்கான் பார்த்ததில் சிறுநீரகத்தில் சின்னக் கல் ஒன்று இருக்கிறதாம். பக்கத்து வீட்டு மாமி ரணகள்ளி கொண்டுவந்து தந்து (சிங்களத்தில் அக்கபான, இலையைப் பிடுங்கிப் போட்டாலே ஓரத்தில் குட்டி முளைக்குமே, அதுதான்) வெறும் வயிற்றில் தினம் இரண்டு இலை தின்னச் சொன்னார். நாலு நாளாகத் தின்கிறார், நல்ல புளிப்பாம். இதயத்துக்கு டிகொக்சின் குளிசையும் எடுக்கிறார், அதுதான் எனக்குப் பயம்.

சாம்பல்தீவு அண்ணை:
தங்கச்சி, நாளைக் காலை இலை வேண்டாம். இதில் பிரையோபில்லின் போன்ற, பூஃபாடையனொலைடுகள் எனும் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருட்கள் இருக்கின்றன. தேரை நஞ்சில் இருப்பதும் இந்த வகைதான். டிகொக்சின் இதயத் தசையில் எந்தச் சோடியம்-பொற்றாசியம் பம்பை (உயிரணுவில் இந்த இரண்டு உப்புகளையும் உள்ளும் வெளியும் தள்ளும் அமைப்பு) தடுக்கிறதோ அதையேதான் இவையும் தடுக்கும், ஆக அம்மாவுக்கு ஒரே மருந்தை இரண்டு பக்கத்தால் கொடுப்பது போலாகிவிடும், அதுவும் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லை. எலிகளில் கல் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு, ஆனால் டிகொக்சின் எடுக்கும் ஒருவருக்கு அதை நம்பிக் கொடுக்க முடியாது.

நிலாவெளி அக்கா:
எங்கள் அம்மம்மா இதை உள்ளுக்குத் தந்ததே இல்லை. இலையை அனலில் வாட்டி, இளஞ்சூட்டோடு கட்டிக்கும் வீக்கத்துக்கும் வைத்துக் கட்டுவார், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் புளிப்பு மருந்தின் ருசி இல்லை, பிள்ளை. வெயிலில் தண்ணீர் போய்விடாமல் இருக்க இந்தச் செடி பகலில் இலைத் துளைகளை மூடிவிட்டு இரவில் திறந்து காற்றை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும், விடியும்போது புளிக்கும், பகல் ஏற ஏற அது செலவாகிப் புளிப்பும் போய்விடும். இந்தியாவில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் இலையை மென்று பார்த்தே இதைக் கண்டு எழுதினார், 1815இல் அது அச்சில் வந்தது.

உப்புவெளி மகள்:
இலையை நிறுத்தியாச்சு. மாமியிடமும் சொன்னேன், பாவம், நல்லதுக்குத்தான் தந்தார். அம்மாவுக்கு நேற்றிலிருந்து கொஞ்சம் குமட்டல், இதனாலா?

சாம்பல்தீவு அண்ணை:
இருக்கலாம், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. குளிசையையும் ஒரு இலையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கோ, நாலு நாள் தின்றதை மறைக்காமல் சொல்லுங்கோ. நாடி குறைந்தால், தலை சுற்றினால், பார்ப்பது மஞ்சளாகத் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

நிலாவெளி அக்கா:
செடியை ஆடு மாடு எட்டாத இடத்தில் வையுங்கோ. பூவில்தான் நஞ்சு கூட, அவுஸ்திரேலியாவில் பூத்த செடியை மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. அம்மாவைக் காட்டிவிட்டு வந்து ஒரு வரி எழுதுங்கோ, பார்த்துக்கொண்டிருப்பேன்.